முறுக்காமல் விட்ட நாலு போல்ட்

ஜோசியா குடித்துவிட்டுத்தான் வண்டியை டிவைடரில் ஏற்றினான் என்று முதலில் சொன்னது ரேச்சலின் சொந்த அண்ணன் ஃபெலிக்ஸ். ஆஸ்பத்திரியில், கேஷுவாலிட்டி வாசலில், சபையிலிருந்து வந்திருந்த ஏழெட்டுப் பேர் நடுவில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, ரொம்ப வருத்தப்படுகிறவன் மாதிரி சொன்னான்.

"வாசனை வந்துச்சு. என்ன செய்ய, பழைய பழக்கம். எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க."

ஜோசியா குடியை விட்டு நாலு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. மாதாப்பூர், கொண்டாப்பூர் பக்கத்து ஆபீஸ்களிலும் அபார்ட்மெண்டுகளிலும் தொட்டிச் செடிகளை வாடகைக்கு வைத்து, வாடியதை எடுத்துவிட்டு வாரா வாரம் புதிது கொண்டுபோய் வைப்பது அவன் தொழில். அதற்காக வைத்திருந்தது 2007 மாடல் பிக்கப் வண்டி. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹப்சிகுடாவிலிருந்து உப்பல் போகும் ரோட்டின் இறக்கத்தில் வண்டியின் பின்சக்கரம் திடீரென்று இறுகி நின்றுவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் மெட்ரோ தூணுக்குக் கீழே இருந்த டிவைடரில் ஏறியது. ஜோசியாவின் இடுப்பெலும்பு உடைந்தது. வேறு யாருக்கும் அடிபடாததால் போலீஸ் கேஸ் ஆகவில்லை. ரத்தம் எடுத்துக் குடித்திருக்கிறானா என்று யாரும் பரிசோதிக்கவும் இல்லை. அதனால் ஃபெலிக்ஸ் சொன்னதே எல்லாருக்கும் உண்மையாகிவிட்டது.

ரேச்சலுக்கும்தான். வலிக்கு ஊசி போட்டு மயக்கத்தில் கிடந்த புருஷனிடம் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். டெட்டால் வாசனைதான் வந்தது. அதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்குமோ என்று இன்னொரு தரமும் மோந்து பார்த்தாள். அப்போது ஜோசியா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த மாதம் சபையின் பாடகர் குழுவிலிருந்து அவன் பெயரை எடுத்தார்கள். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் ஃபெலிக்ஸ்தான், கையெழுத்தும் அவனுடையதுதான். கொண்டாப்பூரில் இரண்டு அபார்ட்மெண்டுகள், குடிக்கிற டிரைவரை உள்ளே விடமாட்டோம் என்று செடிகளைத் திருப்பி அனுப்பின. ஜோசியா ஊன்றுகோலோடு வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் "சக்கரம் லாக் ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சில நாள் கழித்து அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

வண்டி ரோட்டோரத்து பெட்ரோல் பங்க் ஒன்றின் பின்னால் நின்றது. விபத்துக்கு மூன்று வாரம் முன்புதான் அதன் பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியை, அதாவது டிஃபரன்ஷியலை, ஃபெலிக்ஸ் தன் ஷெட்டில் பிரித்துப் பூட்டியிருந்தான். தார்நாகாவில் அவன் மெக்கானிக் ஷெட்டைத் தெரியாத வண்டிக்காரர்கள் கிடையாது.

"அந்த வண்டி இனி எதுக்கு? ஸ்கிராப்புக்கு நானே ஆள் கூட்டிட்டு வாரேன்" என்று ஃபெலிக்ஸ் ஜூலையில் சொன்னான். ரேச்சல் யோசிக்கலாம் என்றாள். ஆகஸ்டில் மறுபடியும் கேட்டான். செப்டம்பர் முதல் வாரம் மூன்றாவது முறையாக, அதுவும் காலை ஏழு மணிக்கு போன் பண்ணிக் கேட்டபோது அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. தன் ஷெட்டில் பத்து வருஷம் பழைய கார்புரேட்டரைக்கூடத் தூக்கிப்போட மனசு வராதவன் அண்ணன். இந்த வண்டியை மட்டும் ஏன் இப்படி அவசரப்பட்டு உடைக்கப் பார்க்கிறான்?

அன்றைக்கே, உடைந்த வண்டியைத் தான் ஓட்டத் துணியாமல், ஒரு வாடகை டிரைவரைப் பிடித்து வண்டியை வீட்டுக்கு ஓட்டிவரச் சொன்னாள். முன்பக்கம் நசுங்கியிருந்ததே தவிர என்ஜின் ஓடியது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. யாரோ நாயை மிதித்துக்கொண்டே வருவது மாதிரி நீளமான ஊளை. நடு நடுவே இரும்பில் இரும்பு இடிக்கும் 'டங்'. கேட்டில் ஊன்றுகோலோடு நின்றிருந்த ஜோசியாவின் முகம் வெளுத்தது.

"இந்தச் சத்தந்தான் ரேச்சல். ரிப்பேர் பண்ணிக் கொண்டு வந்த நாள்லேர்ந்து ஊளை கேக்குதுன்னு மச்சான்கிட்ட மூணு தடவை சொன்னேன். புதுசா மாட்டினா அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாயிரும்னாரு."

ரேச்சல் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டு தொங்கியது அச்சின் கூடு. அதன் அடியில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருந்தது.

"இதைத் திறந்து பார்க்கணும்" என்றாள்.

"வேற மெக்கானிக்கை வரச் சொல்லலாம்."

"தார்நாகாவுலேர்ந்து உப்பல் வரைக்கும் எல்லா மெக்கானிக்கும் அண்ணனுக்குக் கூட்டாளி. நானே திறக்குறேன்."

ஜோசியா சிரிக்கவில்லை. ரேச்சல் பதினாறு வருஷமாகப் பல் லேபில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் அனுப்புகிற பல் அச்சை வைத்துப் பீங்கான் பல் செய்வாள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கே தொடுகின்றன என்று நடுவில் நீலத்தாள் வைத்துக் கடிக்கச் செய்து, ஒரு தலைமுடி அளவு உயர்ந்திருந்தாலும் தேய்த்துச் சரிபண்ணுவாள். அவள் கை நடுங்கி அவன் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து காலை ஆறு முதல் எட்டரை வரை, லேபுக்குப் போவதற்கு முன், வண்டிக்கு அடியில் கிடந்தாள். ஜோசியா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னான். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். எண்ணெய் வடிந்தபோது அது வெள்ளி பெயிண்ட் மாதிரி மின்னியது, இரும்புத் தூள். சக்கரங்களைக் கழற்றி, இரண்டு பக்கத்து ஷாஃப்டுகளையும் இழுத்து, நடு ஷாஃப்டைப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் கூட்டைச் சுற்றியிருந்த நட்டுகளைக் கழற்றினாள். உள்ளே பல்சக்கரங்களோடு முப்பது கிலோவுக்கு மேல் இருந்த இரும்பு மூட்டையை மார்போடு அணைத்து இறக்கி, செடி வைக்கிற பலகையில் வைத்தாள். நைட்டி முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

கூட்டுக்குள் கைவிட்டுத் துழாவியபோது அடியில் சகதிக்குள் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்தாள். கடித்துத் துப்பின மிட்டாய் மாதிரி நசுங்கிய ஒரு போல்ட்.

டிஃபரன்ஷியலுக்குள் பெரிய பல்சக்கரம் ஒன்று இருக்கும். கிரௌன் வீல் என்பார்கள். பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் அதைத் திருப்பும். அந்தப் பெரிய சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது பத்து போல்டுகள். ரேச்சல் ஸ்பானர் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஆறு போல்டுகளுக்குத் தன் எடை முழுவதையும் போட வேண்டியிருந்தது. ஏழாவதற்கு ஸ்பானரே தேவைப்படவில்லை. விரலால் திருகியதும் வந்துவிட்டது. எட்டாவதும் அப்படியே. ஒன்பதாவதும் அப்படியே. பத்தாவதன் இடத்தில் வெறும் ஓட்டை. அதன் நேர் எதிரே கிரௌன் வீலின் இரண்டு பற்கள் நொறுங்கியிருந்தன.

இறுகிய ஆறு போல்டுகளின் மரையிலும் கழலாமல் இருக்கத் தடவும் சிவப்புப் பசை காய்ந்திருந்தது. மற்ற மூன்றும் கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரி சுத்தமாக இருந்தன.

"முறுக்கவே இல்லை" என்றாள் ரேச்சல். "கையால மாட்டிவிட்டு, முறுக்காம விட்டிருக்காரு. மூணு வாரம் ஆடி ஆடி ஒண்ணு கழண்டு பல்லுக்கு நடுவுல விழுந்திருக்கு. அதான் சக்கரம் நின்னுபோச்சு."

ஜோசியா அந்த நசுங்கிய போல்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ரேச்சலுக்கு அழுகை வரவில்லை. அண்ணனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று வாசனை வந்தது என்று சொன்னபோதே தெரியும். சக்கரம் லாக் ஆனது என்று கேட்ட உடனே எந்த மெக்கானிக்குக்கும் புரியும். அதனால்தான் ஸ்கிராப்.

"இப்பவே எடுத்துட்டுப் போய்க் கமிட்டி முன்னாடி வைக்கிறேன்" என்று எழுந்தாள்.

"வச்சா மச்சான் என்ன சொல்லுவாருன்னு நினைக்க? ஒரு பொம்பளை வீட்டுல உக்காந்து கழட்டினா, அவளே போல்டை லூஸ் பண்ணிட்டு என்மேல பழி போடுதான்னு சொல்லுவாரு. அவரு இருபத்தஞ்சு வருஷ மெக்கானிக். நீ யாரு?"

அது உண்மைதான். ரேச்சல் திரும்ப உட்கார்ந்தாள். நொறுங்கிய இரண்டு பற்களையும் எண்ணெய் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப இதை நான் முழுசாப் பூட்டுறேன்" என்றாள். "அவரு பூட்டினதை விட நல்லாப் பூட்டி, சத்தமே இல்லாம ஓட்டிக் காட்டிட்டு, அதுக்கப்புறம் பேசுறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவரு சொல்ல முடியாம ஆக்குறேன்."

ராணிகஞ்ச் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் மூன்று மாலை அலைந்து புதுக் கிரௌன் வீலும் பினியனும் வாங்கினாள். இரண்டும் ஜோடியாகத்தான் வரும். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். பேரிங்குகளும் புதுசு. ஆனால் பழைய பேரிங்கைப் பினியனிலிருந்து இழுப்பதற்கும் புதுசை ஏற்றுவதற்கும் பிரஸ் என்ற அழுத்து மெஷின் வேண்டும். அப்போதுதான் ஜோசியாவுக்கு மனோஜ் நினைவு வந்தது. மனோஜ் ஃபெலிக்ஸின் ஷெட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். விபத்து நடந்த அடுத்த வாரம் ஃபெலிக்ஸ் அவனை நிறுத்திவிட்டான்.

"வண்டியை எடுக்கப் போன அன்னைக்கு மனோஜ் என்கிட்ட ஏதோ சொல்ல வந்தான். மச்சான் அவனை வேற வேலைக்கு அனுப்பிட்டாரு."

மனோஜ் இப்போது ராமந்தாப்பூரில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். ரேச்சல் பினியனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பிரித்துப் பார்த்ததுமே அவன் பின்வாங்கினான்.

"நக்கோ அக்கா. இதுல என்னை இழுக்க வேணாம். நமக்குப் புள்ளைங்க இருக்கு."

"உன் பேரை யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மனோஜ். எனக்கு என்ன நடந்ததுன்னு தெரிஞ்சா போதும்."

அவன் பிரஸ்ஸில் பேரிங்கை வைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினான். "அன்னைக்கு உங்க சர்ச்ல பெரிய சாப்பாடு இருந்துச்சுல்ல, ஹவ்னா? அசனம். ஃபெலிக்ஸ் சேட் ஆறு போல்ட் டைட் பண்ணாரு. சர்ச்லேர்ந்து போன் மேல போன். மீதி வந்து பாக்குறேன்னு போய்ட்டாரு. மறுநாள் வந்து கூட்டை மூடிட்டாரு. நான் சொன்னேன், சேட், நாலு பாக்கி இருக்குன்னு. எல்லாம் பண்ணியாச்சு, உன் வேலையைப் பாருன்னாரு. ஆக்சிடெண்ட் ஆனப்புறம் திரும்பவும் சொன்னேன். அடுத்த நாள் எனக்கு வேலை இல்ல."

பேரிங் ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. மனோஜ் கூலி வாங்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் பிரஸ்ஸுக்கு வாங்க என்று மட்டும் சொன்னான்.

அதன்பிறகு ரேச்சலுக்குத் தூக்கம் குறைந்தது. லேபில் பல் தேய்க்கும்போதும் அண்ணன் முகம்தான் தெரிந்தது. அவன் குரலைத் தாழ்த்தியது, தலையை ஆட்டியது, ஜெபம் பண்ணிக்கோங்க என்றது. அவன் வாயிலிருந்து என்ன வார்த்தை வரவேண்டும், யார் யார் அப்போது இருக்கவேண்டும் என்று நாள் முழுக்க மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை அடுக்கும்போதும் நாக்கில் இனித்தது.

டிஃபரன்ஷியலைப் பூட்டுவதில் முறுக்குவது சுலபம். இரண்டு பல்சக்கரங்களும் சரியான இடத்தில் தொடும்படி உட்காரவைப்பதுதான் கஷ்டம். பினியனுக்கு அடியில் வைக்கும் தகடு தாள் அளவு கூடினாலோ குறைந்தாலோ ஊளை வந்துவிடும். கிரௌன் வீலின் பற்களில் நீலச் சாயம் தடவி, பினியனைச் சுற்றி, சாயம் எங்கே அழிகிறது என்று பார்க்கவேண்டும். ஜோசியா அதை வாசித்துச் சொன்னபோது ரேச்சல் முதல் முறையாகச் சிரித்தாள்.

"இது என் வேலைங்க. இதைத்தானே தினமும் செய்யுதேன்."

முதல் தடவை சாயம் பல்லின் அடிவாரத்தில் அழிந்தது. பினியன் ரொம்ப உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பிரித்து, ராமந்தாப்பூருக்குப் போய், பேரிங்கை இழுத்து, மெல்லிய தகடு வைத்துத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தாள். இரண்டாவது தடவை பல்லின் ஓரத்தில் அழிந்தது. மறுபடியும் பிரித்தாள். நாலாவது தடவை, பல்லின் நடுவில், பாதாம்பருப்பு மாதிரி ஒரு தடம் சுத்தமாக விழுந்தது. முன்பக்கம் சுற்றினாலும் பின்பக்கம் சுற்றினாலும் அதே இடம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளியை, அதாவது பேக்லாஷை, லேபிலிருந்து கேட்டு வாங்கிவந்த டயல் கேஜ் வைத்து அளந்தாள். புத்தகம் சொன்ன அளவுக்குள் முள் நின்றது.

பத்துப் புது போல்டுக்கும் பசை தடவி, அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்கினாள். ஒவ்வொன்றும் 'டக்' என்று சொன்னபோது ஒன்று, இரண்டு என்று சத்தமாகச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். ஏழாவது போல்டில் ஜோசியா சொன்னான்:

"இவ்வளவு கோவமும் மச்சான் மேல மட்டும் இல்ல, ரேச்சல்."

அவள் கை நின்றது.

"நீ என் வாயை மோந்து பார்த்த. ரெண்டு தடவை. நான் மயக்கத்துல இல்ல."

ரேச்சல் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. அவனைத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. "ஆமா" என்றாள். "அண்ணன் சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன். உங்களை நம்பல. அதுக்கு நீங்க என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. ஆனா அந்தச் சந்தேகத்தை என் மனசுல போட்டவரை நான் விடமாட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. உனக்கு ஞாபகம் இருக்கணும்னு சொன்னேன். எட்டாவதைப் போடு."

அந்த வாரமே ஃபெலிக்ஸுக்குச் செய்தி எட்டிவிட்டது. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் புல்லட் கேட்டில் வந்து நின்றது.

"என்னளா இது? வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக் கிடக்கியாம்? ஊரே சிரிக்குது. பிரிச்சதை எல்லாம் ஒரு சாக்குல போடு. நான் ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணித் தாரேன்."

பேசிக்கொண்டே அவன் கண் பலகை, நாற்காலி, தரை என்று எங்கும் தேடியது. பழைய கிரௌன் வீலையும் போல்டுகளையும் ரேச்சல் முந்தின நாளே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"பழசெல்லாம் காயலான் கடைக்குப் போயிட்டுண்ணே" என்றாள். அவன் தோள் இறங்குவதைப் பார்த்தாள். நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்ததில்தான் அவளுக்கு மிச்சம் இருந்த கொஞ்சம் தயக்கமும் போனது. "நீங்க கவலைப்படாதீங்க. வண்டியை முடிச்சதும் முதல்ல உங்ககிட்டதான் கொண்டு வருவேன்."

அக்டோபர் கடைசி சனிக்கிழமை. மறுநாள் சபையில் சேகரக் கமிட்டித் தேர்தல். ஃபெலிக்ஸ் மூன்றாவது முறையாகச் செயலாளருக்கு நிற்கிறான். காலை பத்து மணிக்கு ரேச்சல் பிக்கப்பைத் தானே ஓட்டிக்கொண்டு தார்நாகா ஷெட்டுக்குப் போனாள். ஷெட்டில் நாலைந்து வண்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டி வந்து நிற்கிற வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு அமைதியாக வந்தது.

"அண்ணே, ஏறுங்க. ஒரு ரவுண்டு போய் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபெலிக்ஸ் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு ஏறினான்.

ஹப்சிகுடா தாண்டியதும் ரேச்சல் வேகத்தைக் கூட்டினாள். நாற்பது. ஐம்பது. ஆக்சிலரேட்டரை விட்டாள், திரும்ப அழுத்தினாள். ஊளை வருகிற இடமெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை. என்ஜின் சத்தமும் காற்றும்தான். ஃபெலிக்ஸ் தன்னை அறியாமல் தலையைச் சாய்த்துப் பின்பக்கத்துக்குக் காது கொடுத்தான்.

"யாருளா பூட்டினது? நல்ல கை."

"நான்தான்."

"சும்மா சொல்லாத."

"பினியன் தகடு நாலு தடவை மாத்தினேன். நாலாவதுலதான் சாயம் நடுவுல விழுந்துச்சு. பேக்லாஷ் கேஜ் வச்சுப் பார்த்தேன். வேற ஏதாவது கேக்கணுமா?"

ரேச்சல் உப்பல் ரோட்டின் இறக்கத்தில், அந்த மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினாள். டிவைடரின் உடைந்த முனை இன்னும் அப்படியே இருந்தது. சீட்டுக்குப் பின்னாலிருந்து துணி மூட்டையை எடுத்து அவன் மடியில் வைத்துப் பிரித்தாள். மூன்று சுத்தமான போல்டுகள். ஒரு நசுங்கிய போல்ட். அவற்றுக்கடியில் பல் நொறுங்கிய கிரௌன் வீல்.

"காயலான் கடைக்குப் போயிட்டுன்னு சொன்னேன்" என்றாள். "பொய்தான். நீங்க சொன்ன பொய்யை விடச் சின்னது."

ஃபெலிக்ஸின் முகத்தில் வேர்வை அரும்பியது. "இது... நீ கழட்டும்போது..."

"ஆறுல பசை இருக்கு. நாலுல இல்ல. நான் லூஸ் பண்ணியிருந்தா நாலுலயும் பசை இருந்திருக்கும். அந்த ஆறும் வீட்டுல இருக்கு. எந்த மெக்கானிக்கிட்ட வேணாலும் காட்டலாம். ராமந்தாப்பூர்லயும் காட்டலாம், ராணிகஞ்ச்லயும் காட்டலாம். உங்க கூட்டாளிங்க பார்த்தாலும் இதைத்தான் சொல்லணும்."

"யாரு உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. போல்ட் கையோட வந்துச்சு."

அவன் தொண்டையைச் செருமினான். பஸ்கள் பக்கத்தில் உரசிக்கொண்டு போயின. "மறந்துட்டேன்ளா. அன்னைக்கு அசனம். நானூறு பேர் சாப்பாடு. தலை நிக்கல. வேணும்னே செய்வேனா? அவன் என் மாப்ள."

"மறந்தது வேற. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னீங்களே, அதுவும் மறந்துதானா?"

ஃபெலிக்ஸ் மடியிலிருந்த துணியை இழுத்துப் போல்டுகளை மூடப் பார்த்தான்.

"வாசனை வந்துச்சா அண்ணே?"

"இல்ல" என்றான் ஃபெலிக்ஸ். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

ரேச்சலுக்கு அந்தக் கணத்தில் அவனை அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. அடித்தால் அத்தோடு கணக்கு முடிந்தது என்று அவன் நினைத்துவிடுவான்.

"நாளைக்கு ஆராதனையில, அறிவிப்பு வாசிக்க நீங்கதானே எந்திரிப்பீங்க? அப்ப சொல்லணும். வண்டியைச் சரியாப் பூட்டாதது நான், ஜோசியா குடிக்கல, குடிச்சான்னு நான் சொன்னது பொய்னு சொல்லணும். அதே சனங்க முன்னாடி."

"தேர்தல் முடியட்டும்ளா. அடுத்த வாரம் நானே..."

"நாளைக்கு."

"நான் உன் கூடப்பிறந்தவன்."

"அவரு முன்கூடத்துல உக்காந்து வந்தவங்க எல்லார்கிட்டயும் உண்மையைச் சொன்னாரு. ஒருத்தரும் கேக்கல. கூடப்பிறந்தவன் சொன்ன பொய்யை நான் கேட்டேன்." அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே சொன்னா, மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம். நான் சொல்ல வேண்டி வந்தா, தெரிஞ்சே மறைச்சாருன்னு சொல்லுவேன். ஸ்கிராப்புக்கு மூணு தடவை கேட்டதையும் சொல்லுவேன். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இப்ப இறங்குங்க."

"இங்கயா? ஷெட்ல கொண்டு விடு."

"இங்கதான். அவரு இங்கதான் விழுந்தாரு."

அவன் இறங்கினான். கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போவதை ரேச்சல் திருப்பம் வரும்வரை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. ரேச்சல் மூன்றாவது வரிசையில், ஃபெலிக்ஸ் எழுந்து நின்றால் நேர் பார்வையில் படுகிற இடத்தில், ஜோசியாவோடு உட்கார்ந்தாள். ஃபெலிக்ஸ் அறிவிப்புத் தாளை வாசித்தான். பெண்கள் ஐக்கியக் கூட்டம், கல்லறைத் தோட்டத்துச் சுத்தம், மாலை தேர்தல். தாளை மடித்தான். போதகர் எழப்போனார். ஃபெலிக்ஸ் கையைக் காட்டி அவரை உட்காரவைத்தான்.

அவன் சொன்னது ஒரு நிமிஷம்கூட இருக்காது. போல்டை முறுக்க மறந்தேன் என்றான். ஜோசியா குடிக்கவில்லை என்றான். "எம்மேல பழி வந்துரும்னு பயந்து, பொய் சொன்னேன்" என்றபோது குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். ஃபெலிக்ஸின் மனைவி ஐவி பைபிளை மூடிக்கொண்டு எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனாள்.

ரேச்சல் கண்ணைத் தாழ்த்தவில்லை. அண்ணன் தன் பக்கம் பார்க்கும்வரை காத்திருந்தாள். பார்த்தான். ஒரு சொட்டு இரக்கம்கூட அவளுக்கு வரவில்லை. வரும் என்று கொஞ்சம் பயந்திருந்தாள். வராததில் ஆறுதலாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜோசியா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நேராகப் போய் ஃபெலிக்ஸின் கையைப் பிடித்தான். ஃபெலிக்ஸ் அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ரேச்சலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்குக் கை குடுத்தீங்க?" என்று வண்டியில் ஏறியதும் கேட்டாள். "இத்தனை பேர் முன்னாடி, ஒரே நிமிஷத்துல, நல்லவனாக்கி விட்டுட்டீங்க."

"எனக்கு வேண்டியது வந்துட்டு, ரேச்சல். எம்பேரு எனக்குக் கிடைச்சுட்டு. இனி அவரைச் சுமந்துக்கிட்டு அலைய எனக்குத் தெம்பு இல்ல, இடுப்பு வேற இப்படி."

"எனக்கு இருக்கு" என்றாள் ரேச்சல்.

அவன் சிரித்தான். அன்று வீட்டில் அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஃபெலிக்ஸ் தேர்தலில் நிற்கவில்லை. ஷெட்டை மூடிவிடவில்லை, ஆனால் டீ குடிக்க நிற்கிற வண்டிக்காரர்கள் குறைந்துபோனார்கள். மனோஜை அவன் திரும்பக் கூப்பிட்டான். மனோஜ் போகவில்லை. கொண்டாப்பூர் அபார்ட்மெண்டில் ஒன்று செடிகளைத் திரும்பக் கேட்டது, இன்னொன்று கேட்கவில்லை. ஜோசியா பாடகர் குழுவில் மறுபடியும் சேர்ந்து, கிறிஸ்மஸ் ஆராதனையில் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினான். இரண்டு டிரைவர்கள் வீட்டுக்கு வந்து, அக்கா, எங்க வண்டியிலும் பின்னால் சத்தம் வருகிறது, பார்த்துத் தருவீர்களா என்று கேட்டார்கள். லேப் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது என்று ரேச்சல் அனுப்பிவிட்டாள்.

ஜனவரி கடைசியில் ஒருநாள் சாயங்காலம் ஃபெலிக்ஸ் வந்தான். இந்தத் தடவை நடந்தே வந்தான். மகள் ஸ்டெஃபிக்கு நிச்சயதார்த்தம். கையில் தட்டு, அதில் வெற்றிலை, பழம், பத்திரிகை. தலைமுடி முன்பைவிட நரைத்திருந்தது.

"நீ வராம நடக்காதுளா. அத்தைதானே முதல்ல நிக்கணும்."

ரேச்சல் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். "ஸ்டெஃபிக்காக வருவேன்" என்றாள்.

உள்ளேயிருந்து ஜோசியாவின் குரல் கேட்டது. "யாரு, மச்சானா? உள்ள வாங்க மச்சான், டீ போடச் சொல்லுதேன்."

ஃபெலிக்ஸ் செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கினான். ரேச்சல் தட்டோடு வாசல் நிலையில் அப்படியே நின்றாள். விலகவில்லை. ஃபெலிக்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான். தூக்கிய காலை மெல்ல இறக்கி, "இன்னும் ரெண்டு வீட்டுக்குச் சொல்லணும் மாப்ள, இன்னொரு நாள் வாரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.